லாபம், ஒண்ணு, ரெண்டு

தஞ்சாவூரில் போய் யாராவது சூடு பண்ணுகிற கம்பெனி ஆரம்பிப்பார்களா? பூக்காரத் தெருவில் இந்தக் கேள்வியைக் கேட்காத ஆள் பாக்கியில்லை. சித்திரை வெயிலில் ரோட்டுத் தாரில் ஒட்டிக்கொண்ட செருப்பு காலோடு வர மறுக்கிற ஊர் இது. குவைத்திலிருந்து லீவில் வந்த ரெமிஜியஸ், கரண்ட் கொடுத்தால் சூடாகிற ஒரு கறுப்பு நாடாவைத் தயாரிக்கப் போவதாகச் சொல்லி நாஞ்சிக்கோட்டை சாலையில் ஷெட் பிடித்தபோது, முடிவெட்டுகிறவரிலிருந்து சர்ச்சில் மணியடிக்கிற கோயில்பிள்ளை வரைக்கும் வாய்விட்டுச் சிரித்தார்கள். "ஏம்ப்பா, வெளியில வந்து நின்னாப் பத்தாதா?" என்றார்கள். சிரிக்காதவள் அவன் மனைவி ஜெனிட்டா ஒருத்திதான். சிரித்துவிட்டுப் போகிற நிலையில் அவள் இல்லை.

ஜெனிட்டா நாகூருக்குத் தெற்கே கடலோரத்தில் பிறந்தவள். அப்பா மீன் ஏலம் எடுத்து விற்றவர். அவள் ஆசிரியர் பயிற்சி முடித்துத் தஞ்சாவூரில் ஒரு நடுநிலைப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சரானாள். எலெக்ட்ரிகல் டிப்ளமோ படித்த ரெமிஜியஸைக் கட்டிக்கொண்டாள். கல்யாணமான மறுவருடம் அவன் விமானம் ஏறினான். அவன் மட்டுமா? நாட்டின் கதவைத் திறந்துவிட்டாகிவிட்டது என்று பேப்பரில் போட்ட காலம் அது. திறந்த கதவு வழியாக உள்ளே சரக்கு வந்தது, வெளியே ஆள் போனது. தெருவில் வீட்டுக்கு வீடு ஆம்பிளை இல்லை, டேப் ரெக்கார்டர் இருந்தது.

கேஸ் சிலிண்டர் மாற்றுவது, கரண்ட் பில் கட்டுவது, குழாய் ரிப்பேர், பிள்ளை ஃபிளோராவுக்கு ஊசி போடுவது, மாமியார் சாவுக்குப் பந்தல் போட்டது வரைக்கும் ஜெனிட்டா தனியாகவே பார்த்தாள். எல்லோரும் அவளைக் கெட்டிக்காரி என்றார்கள். அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு என்ன செய்ய? காய்ச்சலில் அனத்துகிற பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு பட்டத்தோடா பேசிக்கொண்டிருக்க முடியும்? ஆனால் அவள் இதையெல்லாம் யாரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறவள் இல்லை.

முதல் லீவுக்கு ரெமிஜியஸ் வந்தபோது மற்றவர்கள் பெட்டியில் சென்ட்டும் டார்ச் லைட்டும் வந்தன. இவன் பெட்டியைத் திறந்து நாலு முழம் கறுப்பு நாடாவை வெளியே எடுத்தான். ஜெனிட்டாவுக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அவன் அதைக் கவனிக்கவே இல்லை. ஐஸ் கட்டி வாங்கிவரச் சொல்லி, நாடாவின் ஒரு முனையை ஐஸ் இருந்த சட்டியைச் சுற்றிக் கட்டினான். மறுமுனையைக் கம்பளிக்குள் சுருட்டி வைத்தான். பிளக்கைச் செருகிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான்.

ஐஸ் உருக ஆரம்பித்தது. சட்டிப் பக்கம் நாடாவுக்குள் என்னவோ மும்முரமாக நடக்கிறது என்பது பார்த்தாலே தெரிந்தது. கம்பளிக்குள் கை விட்டாள். புகைந்துகொண்டிருக்கும் என்று பயந்துதான் விட்டாள். வெதுவெதுப்பு. அவ்வளவுதான். ஒரே நாடா, ஒரே கரண்ட். குளிர்ந்த இடத்தில் தம் பிடித்து வேலை செய்கிறது, சூடான இடத்தில் சும்மா இருக்கிறது.

"யாருங்க அதுக்குச் சொல்றது?"

"யாரும் சொல்றதில்ல, ஜெனி. அதுக்கே தெரியுது. சுவிட்ச் கிடையாது, காவல் கிடையாது. எங்க வேணாலும் வெட்டிக்கலாம். அங்க எங்க ரிஃபைனரியில சூடு கொறைஞ்சா பைப்புக்குள்ள கந்தகம் கல்லாப் போயிடும். இதைத்தான் பைப்போட சேத்துக் கட்டுவோம். ஒருநாள் மிச்சம் விழுந்த துண்டைப் பிளந்து பாத்தேன். ரெண்டு செம்புக் கம்பி, நடுவுல கறுப்பு பிளாஸ்டிக். வேற ஒண்ணுமே இல்ல. ஒண்ணுமே இல்ல, ஜெனி!"

பிளாஸ்டிக்கில் கரித்தூள் கலந்திருக்கிறது என்று விளக்கினான். குளிர்ந்தால் பிளாஸ்டிக் சுருங்கும், கரிப் பொடிகள் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும், கரண்ட் ஓடும், சூடாகும். சூடானால் பிளாஸ்டிக் உப்பும், கரிகள் விலகும், கரண்ட் அடங்கும். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் கை கோத்து நிற்பதும், இடம் விட்டு நிற்கச் சொன்னால் கை நழுவுவதும்தான் ஜெனிட்டாவுக்கு ஞாபகம் வந்தது. இவ்வளவு புத்தியை யார் இந்தக் கரியில் கொண்டு வைத்தது என்று மலைத்துப்போய், தன்னையறியாமல் சிலுவை போட்டுக்கொண்டாள். கோபம் போன இடம் தெரியவில்லை.

அன்றைக்குப் பிடித்தது அவனுக்கு. தொண்ணூற்றெட்டில் ஆடி முடிகிற சமயம் நீண்ட லீவில் வந்தான். வெளிநாட்டுக் குழாய் வந்து இறங்கியதில் நொடித்து மூடிய ஒரு ஹோஸ் பைப் கம்பெனியின் மெஷின்களோடு ஷெட்டை வாடகைக்கு எடுத்தான். ஆறு மாதத்துக்கு மேல் வெளியில் இருந்தால் குவைத் விசா செத்துவிடும். தைக்குள் நாடா தேறினால் இங்கேயே தொழில். தேறாவிட்டால் மறுபடியும் விமானம். ஜெனிட்டாவுக்கு அந்த ஆறு மாதமும் இந்த ஒரு நினைப்புதான். சோறு வடிக்கும்போதும் அதுதான், வகுப்பில் வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கும்போதும் அதுதான்.

தஞ்சாவூரில் சூட்டுக்கு ஏது வேலை என்று சிரித்தவர்களுக்குத் தேங்காய் எண்ணெய் மறந்துபோனது. பேராவூரணிப் பக்கம் எண்ணெய் மில் வைத்திருந்த மருதையனுக்கு மறக்கவில்லை. மார்கழி பிறந்தால் அவர் மில்லில் காலை வேலை நடக்காது. செக்கிலிருந்து டேங்குக்குப் போகிற பைப்புக்குள் எண்ணெய் உறைந்து நெய்க்கட்டியாக நிற்கும். சாக்கைச் சுற்றி வெந்நீர் ஊற்றுவார்கள், பந்தத்தைக் கொளுத்திக் காட்டுவார்கள். போன வருடம் பந்தம் காட்டிய ஆளின் கை வெந்துபோனது. ரெமிஜியஸ் சொன்னதையெல்லாம் மருதையன் காது கொடுத்துக் கேட்டார்.

"தம்பி, சாமான் கண்ணுல காட்டுங்க. மார்கழிப் பனியில என் லைன்ல எண்ணெய் ஓடிச்சுன்னா, என் மில்லு மட்டுமில்ல, எங்க பக்கம் இருக்கற அத்தனை மில்லுக்கும் நானே கூட்டிட்டுப் போறேன்."

ஷெட்டில் ரெமிஜியஸுக்குத் துணை அம்சக்கா. வெட்டாற்றங்கரை ஊர்க்காரி. மாமனார் காலம்வரைக்கும் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்த குடும்பம். இப்போது சொந்தமாகக் கொஞ்சம் நிலம், மகன் இன்ஜினியரிங் காலேஜில். கரித்தூள் கலப்பது அவள் வேலை. உள்ளே சூடேறிய இரண்டு இரும்பு உருளைகள் எதிரும் புதிருமாகச் சுற்றும். அவற்றின் நடுவே பிளாஸ்டிக் குருணையைப் போட்டு உருக்கி, மேலே கரித்தூளைத் தூவித் தூவிப் பிசைந்தால் கறுப்பு மாவாக வரும். அதைத்தான் அடுத்த மெஷினில் செம்புக் கம்பிகளைச் சுற்றி நாடாவாகப் பிதுக்குவார்கள்.

அளப்பதற்குத் தராசு இருந்தது. ஆனால் அந்தக் கரித்தூள் தூளே இல்லை, புகை. தட்டில் கொட்டுவதற்குள் பாதி மூக்கில் ஏறிவிடும். அதனால் ரெமிஜியஸ் ஒருமுறை நிறுத்துப் பார்த்துவிட்டுப் படியால் அளக்கச் சொல்லிவிட்டான். ஒரு கலவைக்குத் தலை தட்டி ஏழு படி.

காலாண்டுப் பரீட்சை லீவில் ஜெனிட்டாவும் ஷெட்டுக்குப் போனாள். அம்சக்கா முந்தானையை மூக்கோடு கட்டிக்கொண்டு, எப்படி அளப்பது என்று செய்து காட்டினாள். "லாபம்" என்று சொல்லி முதல் படியைக் கொட்டினாள். அதற்குள் உருளை மெஷின் கடகடவென்று ஓட ஆரம்பித்துவிட்டது. அதற்கப்புறம் அம்சக்காவின் கை போய் வந்தது தெரிந்ததே தவிர, முந்தானைக்குள் அவள் சொன்னது எதுவும் கேட்கவில்லை. மெஷின்களைப் பழுது பார்த்து முடித்திருந்த சமயம், அன்றைய மாவு உருளையைப் பழக்கத்தான், நாடாவாகவில்லை.

மறுநாள் அம்சக்கா வரவில்லை. காவிரித் தண்ணீர் வாய்க்காலுக்கு வந்துவிட்டது, சம்பா நடவு. நடவு சமயத்தில் ஷெட்டாவது ஒன்றாவது. ஜெனிட்டா துப்பட்டாவை மூக்கில் கட்டிக்கொண்டாள். பயபக்தியோடு படியை எடுத்தாள். லாபம் என்றாள். ஒண்ணு என்றாள். ரெண்டு என்றாள். கலவை முடிகிறவரைக்கும் அளந்து கொடுத்துவிட்டு, கறுத்த முகத்தோடு வெளியே வந்து உட்கார்ந்தாள்.

அந்த நாடாவில்தான் உயிர் வந்தது! அடேயப்பா, ரெமிஜியஸ் துள்ளிய துள்ளலை என்னவென்று சொல்வது. ஐஸ் சட்டியில் கட்டினான், ஐஸ் உருகியது. கம்பளிக்குள் வைத்தான், வெதுவெதுப்போடு நின்றது. நாடா தண்ணீர்த் தொட்டிக்குள் முங்கிக் கிடந்தபோது ஒரு மாதிரியும், வெயிலில் காய்ந்தபோது வேறு மாதிரியும் மீட்டர் முள் ஆடியது. எங்கேயோ வெள்ளைக்காரன் தொழிற்சாலையில் பிறக்கிற அதிசயம் நாஞ்சிக்கோட்டை சாலையில், ஓட்டை ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, அவள் பிசைந்த மாவில் பிறந்துவிட்டது. ஜெனிட்டா அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். பிறந்த பிள்ளையைக்கூட அவள் அத்தனை தடவை தொட்டுப் பார்த்ததில்லை. மருதையன் வந்து பார்த்தார். மார்கழிக்குள் லைன் முழுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

லீவு முடிந்தது, ஜெனிட்டா பள்ளிக்கூடம் போனாள், நடவு முடிந்து அம்சக்கா வந்தாள். அன்றிலிருந்து பிடித்தது சனியன்.

அடுத்த கலவையில் வந்த நாடா சூடாகவே இல்லை. பிளக்கைச் செருகினால் செத்த பாம்பு மாதிரி கிடந்தது. அதற்கடுத்ததும் அப்படியே. ஐப்பசி மழை ஈரம் என்றான் ரெமிஜியஸ். குருணையை வறுத்துக் காயவைத்தான். உருளையின் சூட்டைக் கூட்டினான், குறைத்தான். கரித்தூள் மட்டம் என்று சொல்லிச் சென்னையிலிருந்து வேறு மூட்டை வரவழைத்தான். வெந்த நாடாவை ஆறவைக்கிற விதத்தை மாற்றினான். எல்லாவற்றையும் மாற்றினான், ஏழு படியை மட்டும் தொடவில்லை. அதில்தானே ஜெயித்தான்! ஏழு படி அவனுக்கு வேதவாக்கு.

"அன்னைக்கு வந்துச்சே, ஜெனி. இதே மெஷின், இதே ஏழு படி. எப்படி வந்துச்சு? எங்க போச்சு?" சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டு புலம்புவான். அவள் ரசத்தை ஊற்றுவாள். கிடைத்துவிட்டுக் கைநழுவிப் போவதைவிடக் கிடைக்காமலே இருந்திருக்கலாம் என்று தோன்றும்.

கார்த்திகை போய் மார்கழி பிறந்தது. குவைத் கம்பெனியிலிருந்து டிக்கெட்டுக்கு ஏற்பாடாகிவிட்டது. கிறிஸ்துமஸுக்குக் குடில் ஜோடிக்கப் பரணிலிருந்து சாமான்களை இறக்கியபோது ரெமிஜியஸ் அந்தப் பெரிய பெட்டியையும் சேர்த்து இறக்கித் துடைத்து வைத்தான். ஃபிளோரா அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"அம்மா, அப்பா எப்ப அவங்க ஊருக்குப் போறாங்க?"

அவங்க ஊர்! பிள்ளைக்கு அப்பாவின் ஊர் குவைத். விருந்துக்கு வந்தவரை வழியனுப்புகிற மாதிரி கேட்கிறாள். ஜெனிட்டா குடிலுக்கு வைக்கோல் பரப்புகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ரெமிஜியஸ் காதிலும் அது விழுந்தது. அவன் எழுந்து வாசலுக்குப் போனான்.

கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள், "கடைசியா ஒரு கலவைக்குக் குருணை கெடக்கு. போட்டுப் பாத்துட்டு ஷெட்டைச் சாத்திடறேன்" என்றான். அரையாண்டு லீவாகையால் ஜெனிட்டாவும் கூடப் போனாள். சம்பா கதிர் வாங்கி நிற்கிற சமயம், வயலில் வேலையில்லை, அம்சக்காவும் இருந்தாள். உருளை மெஷினின் பெல்ட் நழுவிவிட்டதால் ரெமிஜியஸ் அதைச் சரிபண்ணிக்கொண்டிருந்தான். ஷெட் அமைதியாக இருந்தது.

"நீங்க உக்காருங்க அம்சக்கா, நான் அளந்து வைக்கிறேன்" என்று ஜெனிட்டா படியை எடுத்தாள். இரும்புச் சட்டிக்குள் தலை தட்டி ஒரு படியைப் போட்டாள். "லாபம்." அடுத்ததைப் போட்டாள். "ஒண்ணு."

"இருங்க டீச்சர். என்ன சொன்னீங்க?"

"ஒண்ணு."

"அதுக்கு முன்னாடி?"

"லாபம்."

அம்சக்கா முந்தானையை மூக்கிலிருந்து இழுத்துவிட்டாள். "ஐய, டீச்சரு! லாபம்னாலே அதுதான் ஒண்ணு. எடுத்ததுமே ஒண்ணுன்னு சொல்லாம, நல்ல வார்த்தையா இருக்கட்டும்னு லாபம்ங்கறது. நெல்லு அளக்கையில கேட்டதில்ல? லாபம், ரெண்டு, மூணு. நீங்க என்னமோ லாபத்தைத் தனியா வச்சுட்டு ஒண்ணுலேருந்து தொடங்குறீங்களே!" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். "பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கறவங்க!"

ஜெனிட்டாவுக்கு முகம் சுண்டிவிட்டது. அவள் நெல் அளந்ததைப் பார்த்தவளா? அவள் பார்த்தது மீன். அப்பா மீனைக் கூறு கட்டி விற்கும்போது, எண்ணி வைத்ததற்கு மேல் ஒரு மீனைத் தூக்கிப் போடுவார். அது கணக்கில் சேராது, கொசுறு. வயல்காரர்கள் அந்தக் கொசுறை முதலிலேயே போட்டுவிடுகிறார்கள், அதற்குப் பெயர் லாபம் என்று அவளாகவே முடிவு கட்டிவிட்டாள். அப்படியானால் அன்றைக்கு அவள் போட்டது ஏழு இல்லை. ஐயோ மாதாவே, புருஷன் உயிரைக் கொடுத்துக் கண்டுபிடித்த கணக்கில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டோமே என்று அவளுக்கு முதலில் பதறியது.

"என்னங்க" என்றாள். "அன்னைக்கு லீவுல நான் அளந்தேன்ல. அதுல ஒரு படி கூடப் போட்டுட்டேங்க."

ரெமிஜியஸ் பெல்ட்டைக் கையில் பிடித்தபடி திரும்பினான். "எதுல?"

"அந்த முதல் கலவையில."

"எந்த முதல் கலவை?"

"சூடாச்சே, அது."

அதைச் சொல்லி முடித்தபோதுதான் அவளுக்கே உறைத்தது. மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அம்சக்காவின் சிரிப்பு நின்றுவிட்டது. ரெமிஜியஸ் அப்படியே தரையில் உட்கார்ந்தான். கறுத்துப்போன இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டு, அழுகிறானா சிரிக்கிறானா என்று தெரியாமல் ஆடினான்.

"எட்டல, ஜெனி. ஏழுல எட்டல. அத்தனை கரியும் உள்ளதான் கெடந்துச்சு. ஒண்ணுக்கொண்ணு கை எட்டாம, கிட்டக் கிட்ட நின்னுக்கிட்டு கெடந்துச்சு. எட்டுல எட்டிடுச்சு!"

"ஒரு படியிலயா சார்?" என்றாள் அம்சக்கா.

"ஒரே படியில அக்கா. அதுதான் இதோட குணம்போல. கொஞ்சங்கொஞ்சமா வர்றதில்ல. அந்தப் படி விழற வரைக்கும் வெறும் பிளாஸ்டிக். விழுந்துடுச்சுன்னா எல்லாம் கை கோத்துக்குது."

அம்சக்கா சட்டிக்குள் கிடந்த கரியை எட்டிப் பார்த்தாள். களத்தில் எத்தனையோ நெல் அளந்தவள். ஒரு படி கூடினால் ஒரு படி கூடுதல், குறைந்தால் ஒரு படி குறைவு. ஒரு படியில் செத்தது பிழைக்கிற சங்கதியை அவள் கண்டதில்லை. "தெய்வமே" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஜெனிட்டா படியைக் கீழே வைத்தாள். தன் அறியாமையிலிருந்து இப்படி ஒன்று வெளியே வரும் என்றால், இந்த உலகத்தில் எதைத் தெரிந்தது என்று சொல்வது, எதைத் தெரியாதது என்று சொல்வது? அதற்கு மேல் யோசிக்க அவளுக்குப் பயமாக இருந்தது.

இருந்த குருணையில் எட்டுப் படி போட்டார்கள். உயிர் வந்தது. தஞ்சாவூரில் கிடைத்த குருணையையெல்லாம் வாங்கினார்கள், உருளை ஓய்வில்லாமல் ஓடியது. பொங்கலுக்கு ஒரு வாரம் முன்னால் மருதையனின் பைப் லைன் முழுக்க நாடாவைக் கட்டி, மேலே சாக்கும் பிளாஸ்டிக் தாளும் சுற்றி முடித்தான் ரெமிஜியஸ். பெட்டி வீட்டில் பாதி அடுக்கினபடி இருந்தது. டிக்கெட் சட்டைப்பையில் இருந்தது.

சோதனைக்கு அவள் கட்டாயம் வரவேண்டும் என்று அவன் சொன்னதால் ஜெனிட்டாவும் முந்தின நாளே போய் மருதையன் வீட்டில் தங்கினாள். விடிகிற நேரம் மில்லுக்குப் போனார்கள். தென்னந்தோப்பு முழுக்கப் பனி, எதிரில் நிற்கிற மரம் தெரியவில்லை. மில் வாசலில் அடுக்கியிருந்த பாட்டில்களில் எண்ணெய் வெள்ளைக் கட்டியாக உறைந்திருந்தது. ஆட்கள் பழக்கத்தில் வெந்நீர் அண்டாவை அடுப்பில் ஏற்றிவிட்டிருந்தார்கள். யாருக்கும் நம்பிக்கை இல்லை.

"திறங்கப்பா" என்றார் மருதையன்.

டேங்குப் பக்கம் இருந்த ஆள் வால்வைத் திருகினான். ஒன்றும் வரவில்லை. போயிற்று, தையில் போகப்போகிறான் என்றுதான் ஜெனிட்டா நினைத்தாள். இரண்டு தரம் கொப்புளம் விட்டது. அப்புறம் வந்தது. திரியாக, தங்கக் கம்பியாக, பிறகு குழாய் வாய் நிறைய, சித்திரை மாதத்து எண்ணெய் போலத் தெளிவாகக் கொட்டியது. ஆட்கள் ஹோவென்று கத்தினார்கள். மருதையன் ஓடிவந்து உள்ளங்கையில் எண்ணெயை ஏந்தி முகர்ந்தார், தலையில் தேய்த்துக்கொண்டார்.

"தம்பி! ஏ தம்பி! தை பொறந்ததும் மத்த லைனுக்கும் கட்டிடுங்க. எம் மச்சான் மில்லு ரெண்டு இருக்கு, நாளைக்கே பேசறேன்."

ஜெனிட்டா எண்ணெயைப் பார்க்கவில்லை. பைப்போடு கூடவே நடந்தாள். கொப்பரை காயவைக்கிற சூளைக்குப் பக்கத்தில் சாக்குக்குள் கை விட்டாள், நாடா சும்மா கிடந்தது. சுவரைத் தாண்டிப் பனிக்குள் போகப் போகச் சூடு ஏறியது. தோப்பின் ஓரத்தில், பனி சொட்டுகிற இடத்தில், அடுப்பங்கரைச் சுவர் மாதிரி சுட்டது. ஒரே நாடா. எந்த இடத்தில் எவ்வளவு வேண்டும் என்று அந்தந்த இடமே அதற்குச் சொல்கிறது, அது கேட்டுக்கொள்கிறது. முதல் தடவை பார்த்தபோது இருந்த மலைப்பு இப்போதும் குறையவில்லை, கூடித்தான் போனது. இதில் தன் கையும் இருக்கிறது என்று நினைத்தபோது அவளுக்கு உடம்பு சிலிர்த்தது.

திரும்பும்போது பட்டுக்கோட்டையில் பஸ் மாறினார்கள். ஜன்னலோர இடம் அவளுக்கு. இரண்டு பக்கமும் சம்பா பழுத்துச் சாய்ந்து கிடந்தது. ரெமிஜியஸ் எண்ணெய்ப் பிசுக்குக் கையோடு சட்டைப்பையிலிருந்து டிக்கெட்டை எடுத்துப் பார்த்தான்.

"ஒரத்தநாட்டுல இறங்கி எஸ்.டி.டி. பூத்துல குவைத்துக்கு ஒரு போன் போட்டுடலாம், ஜெனி. வரலைன்னு சொல்லிடணும்ல. அவங்க வேற ஆளைப் பாப்பாங்க."

திரும்பிப் பார்த்தான். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள், கண்ணீர் கன்னத்தில் கோடு போட்டு இறங்கிக்கொண்டிருந்தது.

"போகாதீங்க" என்றாள்.

அவனுக்குப் புரியவில்லை. "அதான் போகலையே. அதைச் சொல்லத்தானே போன் போடலாம்ங்கறேன்."

"போகாதீங்க."

"ஜெனி, என்ன ஆச்சு? நான்தான் போகலையே!"

"தெரியுதுங்க. எனக்கு மட்டும் காது கேக்காதா?" மூக்கை உறிஞ்சினாள். "கல்யாணம் ஆனதுலேருந்து ஒவ்வொருவாட்டியும் பத்திரமா போயிட்டு வாங்க, பத்திரமா போயிட்டு வாங்கன்னுதான் சொல்லியிருக்கேன். ஒருவாட்டியாவது போகாதீங்கன்னு சொல்லியிருக்கேனா? சொன்னா நீங்க நின்னுடுவீங்களோன்னு பயம். சொல்லியும் போயிட்டீங்கன்னா, அது அதைவிடப் பயம். இப்பத்தான் பயமில்லாம சொல்ல முடியுது. சொல்லிக்கறேன், விடுங்க."

முன் சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ரெமிஜியஸுக்கு வெட்கம் எங்கே போயிற்றோ, அத்தனை பேர் முன்னாலும் அவள் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டான்.

"இன்னொருவாட்டி சொல்லு" என்றான்.

ஒரத்தநாடு வரும்வரைக்கும் அவள் சொல்லிக்கொண்டே வந்தாள்.